ஈரக் காலும் செருப்புக் கடியும்

குற்றாலம் ஐந்தருவியில ஆசை தீரக் குளிச்சிட்டு, ஈரக் காலோட அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டு நடந்திருக்கீங்களா? கொஞ்ச தூரத்துலேயே குதிகால்ல செருப்பு கடிச்சிருக்குமே, ஏன் தெரியுமா?

ரொம்ப நேரம் தண்ணியில நின்னா விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிடும், பார்த்திருப்பீங்க. பாதத்துத் தோலும் அப்படித்தான் ஊறி மெத்துனு ஆகிடும். ஊறின தோல்ல செருப்பு வார் வழுக்காது, ஒட்டி ஒட்டி இழுக்கும். அந்த இழுவையில தோலோட அடுக்கு உள்ளுக்குள்ளேயே பிரிஞ்சு, நடுவுல நீர் கோத்துக்கும். அதுதான் கொப்புளம்!

அதனால, தலை துவட்டின கையோட விரல் இடுக்கு வரைக்கும் காலையும் துடைச்சிடுங்க. கொஞ்சம் காத்தாட விட்டு, அப்புறமா செருப்பு போடுங்க. சாரலை ரசிச்சுக்கிட்டே பேரருவி வரைக்கும் சுகமா நடக்கலாம்.