அவ்ரில்: பெயராக மாறிய மாதம்

ஒருவரின் பெயர் அவரை அழைப்பதற்கு மட்டும் பயன்படுவதன்று. அதன் பின்னால் ஒரு மொழியும் வரலாறும் மறைந்திருக்கும். 'அவ்ரில்' என்னும் பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பிரெஞ்சு மொழியில் ஏப்ரல் மாதத்தை 'அவ்ரில்' என்பர். இச்சொல் 'அப்ரிலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனைத் 'திறத்தல்' எனப் பொருள்படும் 'அபெரிரே' என்ற சொல்லோடு பண்டைய ரோமானியர் தொடர்புபடுத்தினர். ஐரோப்பாவில் ஏப்ரல், வசந்த காலத்தில் வரும் மாதம். குளிர்காலம் முடிந்து மொட்டுகள் இதழ் விரிக்கும். ஆகவே, அப்பொருள் அம்மாதத்திற்குப் பொருத்தமாக அமைந்தது. கிரேக்கரின் காதல் தெய்வமான அப்ரோடைட்டியின் பெயரே இதற்கு மூலம் என்று கருதியோரும் உளர்.

பிரான்சில் மாதப் பெயர்களுக்குச் சுவையான வரலாறு உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793ஆம் ஆண்டில் புதிய நாள்காட்டி ஒன்றை அறிமுகப்படுத்தினர். அதில் மாதங்கள் இயற்கையின் பெயரைப் பெற்றன. 'ஜெர்மினால்' விதை முளைக்கும் மாதம். 'ஃப்ளோரியால்' பூ மலரும் மாதம். பெற்றோர் சிலர் இப்பெயர்களைத் தங்கள் குழந்தைகளுக்கும் சூட்டினர்.

இந்தச் சுதந்திரம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1803ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாள்காட்டிகளில் வழங்கிய பெயர்களையும் பண்டைய வரலாற்று மாந்தரின் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்குச் சூட்டலாம் என்று அது கூறியது. வேறு பெயர்களைப் பதிவு அதிகாரிகள் ஏற்கக்கூடாது. வியப்பு என்னவென்றால், அச்சட்டமே 'ஜெர்மினால் 11' என்று மாதப் பெயரால்தான் அழைக்கப்பட்டது!

காலப்போக்கில் இக்கட்டுப்பாடு தளர்ந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. எனினும், அவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. பெயர் குழந்தையின் நலனைப் பாதிக்கும் எனத் தோன்றினால், அதனை நீதிமன்றம் நீக்கலாம். பெயரைத் தேர்ந்தெடுப்பவர் பெற்றோர். அதனை வாழ்நாள் முழுவதும் சுமப்பவர் குழந்தை அல்லவா?

இன்று 'அவ்ரில்' என்றதும் பலருக்கும் கனடா நாட்டுப் பாடகி அவ்ரில் லவீன் நினைவுக்கு வருவார். அவர் ஏப்ரலில் பிறந்தவரல்லர். 1984ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிறந்தவர். மாதப் பெயர் பிறந்த நாளைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை. மொட்டு விரியும் காலத்தின் புத்துணர்ச்சி தம் பிள்ளையின் வாழ்விலும் மலர வேண்டும் என்ற விருப்பத்தையும் அது சுமக்கலாம்.

உங்கள் பெயருக்கும் ஒரு கதை இருக்கும். அதனை உங்களுக்குச் சூட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள்.