மார்கழிக் குளிரும் டிராக்டர் பேட்டரியும்



ஐப்பசி மழை ஒரு உழவுக்குப் பெய்ததும் சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படும். நஞ்சையில் பிசான நடவுக்குத் தொழி அடிக்கணும். கரிசலில் மக்காச்சோளமும் உளுந்தும் விதைக்க ஈரம் காயுமுன் உழுதாகணும். அன்றைக்குப் பார்த்து வண்டியில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலு பேர் தள்ளினாலும் சேற்றில் வண்டி நகராது. பேட்டரி கடைக்குப் போய் வருவதற்குள் ஒரு நாள் போகும். ஒரு நாள் ஈரம் போனால் முளைப்பு எவ்வளவு குறையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பதும், மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவதும் மழைக்கு முன்னாலேயே முடிய வேண்டிய வேலை. எப்படிப் பார்க்கிறது, எதை வாங்குகிறது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கார், மினி லாரி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பேட்டரியைக் கெடுப்பது குளிரா, வெயிலா?

‘மார்கழிப் பனியில பேட்டரி செத்துப் போச்சு’ என்று நம்ம பக்கம் சொல்வது வழக்கம். செத்தது மார்கழியில் என்பது உண்மைதான். ஆனால் நோய் வந்தது சித்திரையில்.

பேட்டரிக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் கொடுக்கும். அறைக்குள் ஈயத் தகடுகள் நிற்கும். சுற்றிலும் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். 1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பிளான்டே கண்டுபிடித்த அமைப்பு இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. மின்சாரம் எடுக்கும்போது அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து தகட்டில் ஈய உப்பாகப் படியும். சார்ஜ் ஏறும்போது அந்த உப்பு கரைந்து மறுபடி அமிலமாகும்.

வெயில் ஏற ஏற உள்ளே நடக்கும் வேதிவினை வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் என்று கணக்கு. தகட்டின் சட்டம் அரிக்கும், தண்ணீர் வற்றும், சும்மா நிற்கும்போதே சார்ஜ் இறங்கும். கோடையில் நிழல் இல்லாமல் களத்துமேட்டில் நிற்கும் டிராக்டரின் பானெட்டுக்குள் கையை வைத்துப் பாருங்கள், வெளிச்சூட்டைவிட எவ்வளவு அதிகம் என்று தெரியும். ஆக, பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில்தான்.

குளிர் செய்வது வேறு வேலை. குளிரில் வேதிவினை மந்தமாகும், பேட்டரியின் பலம் குறையும். இஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக சக்தி கேட்கும். டீசல் இஞ்சினில் காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் டீசலைப் பற்ற வைக்கிறோம். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. வரவு குறையும்போது செலவு கூடுகிற மாதிரி இது. கோடையில் பாதி உயிர் போன பேட்டரி அந்த விடியற்காலையில் மாட்டிக்கொள்ளும். நல்ல பேட்டரிக்கு நம்ம ஊர் மார்கழி ஒரு பொருட்டே இல்லை.

நிஜமான குளிர் எங்கே என்றால், ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். லே, கார்கில் பக்கம் பூஜ்ஜியத்துக்கு ரொம்பக் கீழே போகும். பூஜ்ஜியம் டிகிரியில் பேட்டரியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மைனஸ் 18-ல் பாதிக்கு மேல் போகும். சார்ஜ் இறங்கிய பேட்டரி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டியை வெடிக்க வைக்கும். நிறை சார்ஜில் உள்ளது அந்தக் குளிரிலும் உறையாது. கனடாவில் இருக்கும் நம் தமிழர்கள் பேட்டரி வாங்கும்போது முதலில் பார்ப்பது சி.சி.ஏ. என்ற எண்ணைத்தான். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி நேரம் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதே அந்த எண். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிக்காரர்களுக்கும் அது முக்கியம். சிவகிரியில் உழுகிற டிராக்டருக்கு வெயில் தாங்கும் பேட்டரி வேண்டும், அதிர்ச்சி தாங்கும் பேட்டரி வேண்டும்.

மாற்றுவதற்கு முன் நாலு சோதனை

வண்டி எடுக்கவில்லை என்றதும் பேட்டரிதான் போச்சு என்று கடைக்கு ஓடாதீர்கள். கீழே சொல்வதை வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று: டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் பாயாது. வயரைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோடாத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலைன் தடவுங்கள். பல வண்டிகள் இதிலேயே எடுத்துவிடும்.

இரண்டு: வோல்ட். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருக்கும். வண்டியை ஓட்டாமல் ஒரு இரவு நிறுத்திவிட்டு, காலையில் பாருங்கள். 12.6 இருந்தால் நிறை சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12 என்றால் கால் பங்குதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஆனால் அந்தச் சோதனை நிறை சார்ஜ் ஏற்றிய பிறகு செய்தால்தான் சரியான முடிவு தெரியும்.

மூன்று: கிராவிட்டி. மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் போட்டு ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். நிறை சார்ஜில் 1.250-ஐ ஒட்டி நிற்கும். 1.200 என்றால் பாதிதான். எல்லா அறையும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் சார்ஜ் போட்டால் தேறலாம். ஐந்து அறை நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் இறங்கியிருந்தால் அந்த அறை போய்விட்டது. ஒரு மடை உடைந்தால் குளத்துத் தண்ணீர் அத்தனையும் போகிற கதைதான். அதை மாற்றத்தான் வேணும்.

நான்கு: சார்ஜ் ஏறுகிறதா? இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. இஞ்சினை ஓட்டி, பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டணும். 12-லேயே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஆல்டர்னேட்டர் பழுது. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். இதைச் சரி செய்யாமல் புதுப் பேட்டரி மாட்டினால் அதுவும் ஆறு மாதத்தில் பழசு போன வழியே போகும். நல்ல கன்று வாங்கி வேர்ப்புழு உள்ள குழியில் வைப்போமா?

கடையில் எதைக் கேட்பது?

முதலில் அளவு. பேட்டரி மேல் 75 ஏ.ஹெச்., 88 ஏ.ஹெச். என்று போட்டிருக்கும். ஆம்பியர் ஹவர் என்று அர்த்தம். 88 என்றால் 20 மணி நேரத்துக்கு 4.4 ஆம்பியர் வீதம் கொடுக்கும் என்று கணக்கு. வண்டிக் கம்பெனி புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். விலை குறைகிறது என்று சின்னதை மாட்டாதீர்கள். டீசல் டிராக்டரின் செல்ஃப் மோட்டார் சில விநாடிகளில் 200, 300 ஆம்பியர் இழுக்கும். சின்னப் பேட்டரி ஒவ்வொரு நாளும் மூச்சுத் திணறி, சீக்கிரமே படுத்துவிடும்.

இரண்டாவது, பொருத்தம். பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், உயரம், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முனை மாறியிருந்தால் வயர் எட்டாது. இழுத்து மாட்டினால் உரசித் தீப்பொறி வரும்.

மூன்றாவது, ரகம். டிராக்டருக்கென்றே வரும் பேட்டரியைக் கேளுங்கள். காரை விட டிராக்டர் குலுங்கும். குலுக்கலில் தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் தேங்கும். டிராக்டர் ரகத்தில் தகடுகளை அசையாதபடி பிடித்துவைத்திருப்பார்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை டிராக்டருக்கு மாட்டாதீர்கள். டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் வேலிக்கு மாட்டாதீர்கள். மலையடிவாரத் தோட்டங்களில் இது நடக்கிற காரியம்தான். வண்டிப் பேட்டரி ஒரே மூச்சில் ஓடுகிற ஆள் மாதிரி. வேலிப் பேட்டரி இரவெல்லாம் நடக்கிற ஆள் மாதிரி. ஒருவர் வேலையை மற்றவருக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் விழுவார்கள்.

நான்காவது, தயாரித்த தேதி. இதைக் கட்டாயம் கேளுங்கள். பேட்டரி அலமாரியில் இருக்கும்போதே சார்ஜ் இறங்கும், வெயில் ஊரில் இன்னும் வேகமாக இறங்கும். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் தகட்டில் படிந்த உப்பு இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. தேதி பெட்டியின் மேல் எண்ணும் எழுத்துமாக இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ளதாக இருந்தால் நல்லது. ஆறு மாதம் தாண்டியதை வாங்க வேண்டாம். வாங்கும்போதே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, தண்ணீர் ஊற்றுகிற ரகமா, மூடி திறக்காத ரகமா? மாதம் ஒரு முறை மூடி திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் ரகமே நம்ம வெயிலுக்கு நல்லது. வற்றியதை ஈடு செய்யலாம், ஒவ்வொரு அறையையும் சோதிக்கலாம். பார்க்க நேரமில்லை என்பவர்கள் மூடிய ரகம் வாங்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கணும். அதில் வற்றிய தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

ஆறாவது, வாரண்டி. 36 மாதம் என்று சொல்வார்கள். அதில் எத்தனை மாதம் வரை கெட்டால் இலவசமாகப் புதுசு தருவார்கள், எந்த மாதத்திலிருந்து விலையில் கழிவு மட்டும் தருவார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. கார்டில் வண்டி எண், பேட்டரி எண், தேதி, கடை முத்திரை நான்கும் இருக்கணும். ரசீதும் கார்டும் நிலப் பட்டாவோடு பத்திரமாக இருக்கட்டும்.

பிரித்து மறுபடி கட்டிய பழைய பேட்டரி மலிவாகக் கிடைக்கும். மழை நாளில் நம்பி இறங்க அது உதவாது.

மாட்டும்போதும் வைத்திருக்கும்போதும்

கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டி இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பற்றி வெடிக்கும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் கசக்காமல், கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போங்கள்.

பிடிப்புக் கம்பியை இறுக்கிப் போடுங்கள். ஆடுகிற பேட்டரி நிலைக்காது.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றணும். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், குடிக்கிற கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. அதில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். ஆசிட்டும் ஊற்றாதீர்கள். வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. தகடு மூழ்கி, குறிக்கோடு வரை நின்றால் போதும்.

வேலையில்லாத மாதங்களில் வண்டியை நிழலில் நிறுத்தி மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். சும்மா ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைத்தால் எடுத்த சார்ஜ்கூடத் திரும்பி ஏறாது.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். கடையில் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. வீட்டில் உடைத்து ஈயம் உருக்குகிறவர்களிடம் போடாதீர்கள். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது. ஆசிட்டை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டவும் கூடாது.

ஆக, சுருக்கமாக இதுதான். கோடை முடிந்ததும், ஆவணிக்குள் ஒரு நாள் ஒதுக்கி டெர்மினல், வோல்ட், கிராவிட்டி, சார்ஜ் நாலையும் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் சரியான அளவு, டிராக்டர் ரகம், புதுத் தேதி, தெளிவான வாரண்டி பார்த்து வாங்குங்கள். விதையை முளைப்புச் சோதனை செய்து வைக்கிறோம் அல்லவா, அதே வாரத்தில் இதையும் சேர்த்துச் செய்துவிட்டால், முதல் மழைக்கு மறுநாள் காலையில் உங்கள் வண்டி வயலில் நிற்கும்.