விடுமுறையும் விவேகமும்

ஓய்வு என்பது பணக்காரரின் ஆடம்பரம் என்று கருதுவோர் நம்மவரில் இன்னும் பலர் உண்டு. நாம் அவ்விதம் கருதவில்லை. வருஷம் முழுதும் உழைத்தவன் நாலு நாள் மனைவி மக்களுடன் குளிர்ந்த காற்றைச் சுவாசிப்பது அவனுக்குரிய பாத்தியதையே. ஒரு காலத்தில் நீலகிரியின் கோடைச் சுகம் கவர்னருக்கும் அவருடைய பரிவாரத்துக்குமே உரியதாயிருந்தது. 1870 முதல் கோடைதோறும் சென்னை ராஜதானியின் ஸர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறிற்று. செலவு குடிகளுடையது, சுகம் துரைமாருடையது. இன்று அம்மலை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கிடைத்த பாத்தியதையை நாம் எவ்விதம் அனுபவிக்கிறோம் என்பதே கேள்வி.

வழக்கமாக நடப்பது என்ன? பள்ளிக்கூடம் மூடியதும் ஜனங்கள் அனைவரும் ஒரே வாரத்தில் ஒரே மலைக்கு ஏறுகிறார்கள். மூன்று நாள் விடுமுறையில் ஒன்றரை நாள் சாலையிலே கழிகிறது. அறை வாடகையோ ஏறிவிடுகிறது. நெரிசல் பொறுக்க முடியாமற் போகவே சென்னை ஹைகோர்ட் தலையிட்டு, 2024 மே 7-ந் தேதி முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டை ஏற்படுத்தியது. 2025-ம் வருஷக் கோடையில் வாரநாட்களில் 6,000 வண்டிகளும், வாரக் கடைசியில் 8,000 வண்டிகளுமே அனுமதிக்கப்பட்டன. ஸர்க்கார் பஸ்ஸில் செல்வோருக்கு இச்சீட்டு வேண்டியதில்லை. சிக்கனத்துக்கு முதற்படி இதுவே என்போம்.

மசினகுடியை உதாரணமாகக் கொள்வோம். நீலகிரியின் வடக்குச் சரிவின் அடியில், முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்த கிராமம் இது. அங்கே செல்ல எண்ணுவோர் மூன்று விஷயங்களை முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும்.

முதலாவது, காலம். மாசி, பங்குனியில் இக்காடு காய்ந்து கருகி நிற்கும். தீ பரவும் அபாயத்தால் பிரயாணிகளுக்குக் காட்டை அடைப்பதும் உண்டு. அப்போது செல்பவன் புழுதியைத்தான் காண்பான். மழை பெய்து ஓய்ந்த பின்னர், ஐப்பசி முதல் தை வரை, அதே காடு பச்சைப் பசேலென்று இருக்கும். அரையாண்டு விடுமுறை இதற்கு ஏற்றது.

இரண்டாவது, பாதை. உதகையிலிருந்து முதுமலைக்குக் கல்லட்டி வழியாக 36 கிலோமீட்டர். கூடலூர் வழியாக 67 கிலோமீட்டர். குறுக்குவழி லாபம் என்று எவரும் எண்ணுவர். ஆனால் கல்லட்டிச் சாலை 36 கொண்டையூசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து 5 பேர் மாண்டனர்; வண்டி கிடந்த இடமே இரண்டு நாள் தெரியவில்லை. வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கக் கூடாது, ஏறலாம் என்பது விதி. ஆகவே போகும்போது கூடலூர், திரும்பும்போது கல்லட்டி என்று வகுத்துக்கொண்டால் இரண்டு பாதைகளின் அழகும் கிட்டும், ஆபத்தும் இல்லை. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை முதுமலை–பந்திப்பூர் சாலை அடைபடுமாதலால், மைசூர்ப் பக்கமிருந்து வருவோர் பொழுது சாயுமுன் வந்து சேர வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பீடபூமி, யானைக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழி. அதனை யானை வழித்தடமாக அறிவித்தது செல்லும் என்று சென்னை ஹைகோர்ட் 2011-லும், சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபரிலும் தீர்ப்பளித்தன. அந்தத் தீர்ப்பின் மை உலருமுன், 2021 ஜனவரியில், மாவனல்லா அருகே தனியார் விடுதி ஒன்றினுள் வந்த யானையின்மீது எரியும் டயரை வீசினார்கள். ஏற்கெனவே முதுகில் புண்பட்டிருந்த அந்தப் பிராணி, தெப்பக்காட்டுக்குச் சிகிச்சைக்காக எடுத்துச் செல்லப்படும்போது மாண்டது. காட்டு இலாகா ஊழியர் ஒருவர் அதன் தும்பிக்கையைத் தடவி அழுத காட்சியை நாடே கண்டது.

அவ்விடுதி அனுமதி பெறாதது. அனுமதியற்ற விடுதிகள் எவர் பணத்தால் நடக்கின்றன? வாடகை குறைவு என்று மட்டும் பார்த்து, உரிமம் உண்டா என்று ஒரு வார்த்தை கேளாமல் அறை பிடிக்கும் நம் போன்றோர் பணத்தால் அல்லவா? தெப்பக்காட்டில் காட்டு இலாகாவின் விடுதிகளே இருக்கின்றன. முன்பதிவு செய்தால் போதும். அவ்விலாகாவின் வண்டியில் காட்டினுள் சென்று வரலாம். முகாம் யானைகளுக்கு உணவளிப்பதைக் குழந்தைகளுடன் பார்க்கலாம்.

அங்கே போகவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மசினகுடியில் ஜீப் ஓட்டுபவனும், சிற்றுண்டிக் கடை நடத்துபவனும் பிரயாணிகளை நம்பிப் பிழைக்கிறார்கள். அவர்கள் பிழைப்பும் கெடாமல், யானையின் பாதையும் அடைபடாமல் சென்று வர வழியுண்டு என்பதே நமது வாதம். ஐந்து ஊர்களை மூன்று நாளில் ஓடிப் பார்ப்பதைவிட, ஓர் ஊரில் மூன்று நாள் தங்குவது மேல். செலவு குறையும், உடம்பு தேறும், மனத்தில் ஏதாவது நிற்கும்.

கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகக் கணக்குப் போடுகிறவர்கள் நாம். விடுமுறைக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு யோசிக்கலாகாதா? காலம், பாதை, தங்குமிடம் இம்மூன்றையும் தீர்மானித்த பிறகே பணப்பையைத் திறக்கும்படி நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.