பாவம் ஞாபகம் வராமல் அழுத பையன்: குழந்தைகளின் உள்ளத் தயாரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

மூன்று வருடங்களுக்கு முன், புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் கிளைக்கிராமத்துச் சின்னக் கோயில். உள்ளே சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே பதினோரு பிள்ளைகள், ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தோடு வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற எட்டு வயதுப் பையன் அழுதுகொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன்.

"சார், எனக்கு ஒரு பாவமும் ஞாபகத்துக்கு வரல. அவன் பேப்பரைப் பார்த்து எழுதிக்கட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் காட்டிய பையனின் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பொய் சொன்னேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை, தம்பியை அடித்தேன், பூசைக்கு வரவில்லை என்று நாலு வரி. மற்றவர்களுடையதையும் பார்த்தேன். அதே நாலு வரி, அதே வரிசை. முந்தின வாரம் 'உதாரணத்துக்கு' என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது. தம்பியே இல்லாதவனும் தம்பியை அடித்ததாக எழுதியிருந்தான்!

சிரிப்பு போய்விட்டது. அழுத பையனைப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "பாவத்தை விடு. இந்த மாசத்துல உனக்கு மனசு கஷ்டமா இருந்தது ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அப்பா போன் பண்ணா நான் பேச மாட்டேன் சார்." அப்பா பெங்களூரில் கட்டட வேலை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அன்றிலிருந்து இவன் போனை வாங்குவதில்லை. ஆயாதான் பேசுகிறார்.

"அது பாவமா சார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மறைக்கல்வி வகுப்பு எடுக்க ஆரம்பித்து அது ஒன்பதாவது வருடம். அந்தக் கேள்விக்காகப் படித்ததும், பிறகு வகுப்பில் செய்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்புகள்.

தயாரிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

எங்கள் பக்கம் புதுநன்மைத் தயாரிப்பு என்றால் வெள்ளை கவுன், மெழுகுவத்தி, பாட்டுப் பயிற்சி, வரிசையில் நடக்கும் ஒத்திகை, போட்டோகிராபர். செபங்கள் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். இவை எதுவும் தப்பில்லை. ஆனால் இவை எல்லாம் முடிந்த பிறகும் பிள்ளையின் மனசு தொடப்படாமலே இருக்க முடியும் என்பதை அந்தப் பதினோரு காகிதங்கள் எனக்குக் காட்டின.

மனப்பாடத்தைக் கேலி செய்யவும் நான் தயாரில்லை. நம் ஊரில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தெருவில் மணி அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கமுள்ள ஒரு செப, உபதேசப் புத்தகம். தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நம் கைக்குக் கிடைக்கும் முதல் புத்தகம் அதுதான். அடுத்த வருடம் கொச்சியில் வந்த 'கிரிசித்தியானி வணக்கம்' கேள்வி பதில் வடிவம். எங்கள் ஆயாக்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் 'சின்னக் குறிப்பிடம்' வரை அந்த வடிவம் தொடர்கிறது.

நான் கவனிக்காமல் விட்டது அதற்கடுத்த புத்தகத்தை. 1580இல் அண்டிரிக் அடிகளார் 'கொம்பெசியோனாயரு' என்று ஒன்றை அச்சிட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவர் எப்படித் தயாராவது என்பதற்கான கையேடு. தமிழ் அச்சு பிறந்து இரண்டே வருடத்தில், செபத்தை ஒப்பித்தால் மட்டும் போதாது, உள்ளே திரும்பிப் பார்க்கவும் சொல்லித்தர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையின் மைசூர் மிஷன் வழியாகக் கிறிஸ்தவம் நம் பக்கம் வந்தபோது இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் வந்திருக்கும். முதலாவதை நாம் நன்றாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதைக் கரும்பலகையில் நாலு வரியாகச் சுருக்கிவிட்டோம்.

ஏழு வயதும் பதினைந்து கோப்பைகளும்

பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் வயது முன்பெல்லாம் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, அதற்கு மேலும் இருந்தது. 1910 ஆகஸ்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ் அதை ஏறக்குறைய ஏழு வயதுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு முழு ஞானோபதேசமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு வந்தால் போதும் என்பது அந்த ஆணையின் சாரம். தேர்வு வைத்து வடிகட்டாதீர்கள் என்று சொன்ன மாதிரி.

ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளை தப்பு என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறது? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட தம் ஆய்வில் பிள்ளைகளுக்கு இரண்டு கதை சொன்னார். ஒரு பையன் கதவைத் திறக்கிறான், பின்னால் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது, பதினைந்து கோப்பை உடைகிறது. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருடப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் அதிகத் தப்பு? சின்னப் பிள்ளைகளில் பலர் பதினைந்து உடைத்தவனைச் சொன்னார்கள். வளர வளரத்தான் எண்ணத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நானும் கோப்பையை முட்டையாகவும் ஜாமை வெல்லமாகவும் மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வகுப்பிலும் பாதிக்கு மேல் முட்டைக் கணக்குத்தான் போட்டார்கள்! அடி எவ்வளவு விழும் என்பதை வைத்துப் பாவத்தை அளக்கிறார்கள். இந்த வயதுப் பிள்ளையிடம் பட்டியலைக் கொடுத்தால் அவன் கணக்குப் போடத்தான் செய்வான். எட்டு வயதில் அப்பாவோடு பேசாமல் இருப்பது எந்தப் பட்டியலிலும் வராது. எதுவும் உடையவில்லையே!

கல்லாங்காடு

வேதத்தில் விதைப்பவன் உவமை இருக்கிறது. வழியோரம், பாறை, முள், நல்ல நிலம். பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்ட வேண்டும். தருமபுரிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். செம்மண்ணும் கரடும் கலந்த மானாவாரி நிலம். சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் கோடை உழவு. உழுதால் கல் மேலே வரும். அதைப் பொறுக்கி வரப்பில் போடுவது பெரும்பாலும் பிள்ளைகள் வேலைதான்.

அதனால் இப்போது வகுப்பில் உவமையை நான் விளக்குவதில்லை, கேட்கிறேன். கேழ்வரகு விதைக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்ல என்னென்ன செய்வாங்க? கை கையாக எழும்பும். உழுவோம், கல் பொறுக்குவோம், எரு போடுவோம், கோரையைப் பிடுங்குவோம். போன வருஷம் பொறுக்கினீங்களே, இந்த வருஷம் எதுக்கு மறுபடியும்? "உழுதா திரும்ப வரும் சார்." கல் இருக்கேன்னு உங்க தாத்தா நிலத்தைத் திட்டுவாரா? எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எனக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது. உள்ளத்தில் கல் இருப்பது அசிங்கம் இல்லை. அது ஒவ்வொரு வருடமும் வரும், அதற்குத்தான் திருவருகைக் காலமும் தவக்காலமும் திரும்பத் திரும்ப வருகின்றன. விதைப்பதும் முளைக்க வைப்பதும் கடவுளின் வேலை. நம் வேலை மண்ணை இளக்கி வைப்பது. கோரையை மேலே அறுத்தால் போதாது, கிழங்கோடு எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். தம்பியை அடிச்சேன் என்பது மேலே தெரியும் புல். ஏன் அடிச்சே என்று கேட்டால்தான் கிழங்கு தெரியும்.

சும்மா இருக்கப் பழகுவது

உள்ளே பார்க்க அமைதி வேண்டும். "சத்தம் போடாதே" என்று அதட்டி வரும் அமைதி இதற்கு உதவாது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். அவர் முறையில் மௌன விளையாட்டு என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் அசையாமல் இருந்து, தூரத்தில் மெல்லக் கூப்பிடும் தங்கள் பெயருக்குக் காத்திருப்பார்கள். பேர் கேட்டதும் சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். இதைத் தண்டனையாக அவர் வைக்கவில்லை, பிள்ளைகள் விரும்பிச் செய்யும் காரியமாக வைத்தார். சாமுவேல் சிறுவனாக இருந்தபோது ஆலயத்தில் தன் பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்ட கதைக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் கோயிலில் முதல் நாள் அரை நிமிஷம் தாங்கவில்லை. தவக்காலம் முடிவதற்குள் மூன்று நிமிஷம் இருந்தார்கள். வெளியே பஸ் ஹாரன், ஆடு, மைக் செட் எல்லாம் இருக்கத்தான் செய்தது.

இப்போது என்ன செய்கிறோம்

காகிதத்தை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் மௌனத்துக்குப் பின் மூன்று கேள்வி. இந்த வாரம் எதுக்கு சாமிக்கு நன்றி சொல்லுவே? எது உன் மனசை உறுத்துச்சு? நாளைக்கு யார்கிட்ட நீ போகணும்? இது என் கண்டுபிடிப்பு இல்லை. இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சியில் வைத்த தினசரி ஆன்ம சோதனையைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கியது. அவரும் பாவத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, நன்றியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். பதிலை யாரும் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்பது கட்டாய விதி.

இரண்டாவது, பெற்றோர். புதுநன்மைக்கு முன் பெற்றோருக்கு இரண்டு கூட்டம் வைக்கிறோம். "நாங்க பாவசங்கீர்த்தனம் போயே பத்து வருஷம் ஆச்சு" என்று ஒரு அம்மா சொன்னார். அப்படியானால் பிள்ளை இதைச் சின்னப் பிள்ளைகளுக்கான சடங்கு என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? வீட்டில் அப்பாவோ அம்மாவோ பிள்ளையிடம், "நான் உன்னைத் திட்டினது தப்பு, மன்னிச்சிடு" என்று ஒருமுறை சொன்னால் என்னுடைய ஆறு மாத வகுப்புக்குச் சமம்.

மூன்றாவது, பயம் காட்டுவதில்லை. நரகத்தைக் காட்டி வாங்கும் அழுகை மனஸ்தாபம் ஆகாது.

நான்காவது முக்கியமானது. மனசை உறுத்துவது எது என்று கேட்டால் சில பிள்ளைகள் தாங்கள் செய்யாததைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா குடிப்பது, அம்மாவை அடிப்பது, யாரோ தப்பாகத் தொட்டது. இது உன் பாவம் இல்லை என்று அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செபம் பண்ணு, சரியாயிடும் என்று அனுப்பிவிடக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 சைல்டுலைனுக்குச் சொல்வது நம் கடமை. இதைச் செய்யத் தயாராக இல்லாத ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபை நண்பர்கள், எங்களிடம் பிள்ளைகளுக்கு இந்தச் சடங்கு இல்லையே என்று கேட்கலாம். ஆனால் திருவிருந்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது எல்லோருக்கும்தானே? திடப்படுத்தல் வகுப்பிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் இதே மூன்று கேள்வியைக் கேட்கலாம்.

அது பாவமா?

அன்று புளியமரத்தடியில் நான் சொன்னது இவ்வளவுதான்: "தெரியலடா. பாவமோ இல்லையோ, உனக்கு வலிக்குதுல்ல? அதை அப்படியே உள்ள போய்ச் சொல்லு." இன்றைக்குக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வேன். கூடவே ஒன்று சேர்ப்பேன்: வராத அப்பா மேல் கோபப்பட்டது உன் தப்பு இல்லை, அந்தக் கோபத்தை என்ன செய்வது என்பதைத்தான் சாமிகிட்ட கேட்கணும்.

பையன் காகிதம் இல்லாமல் உள்ளே போனான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மறுநாள் புதுநன்மைக்கு அவன் அப்பா வரவில்லை. சாயங்காலம் போன் வந்ததாம். "போனைப் புடுங்கிட்டு வீட்டுப் பின்னாடி போயிட்டான் சார். ரெண்டு நிமிஷம் பேசினான். என்ன பேசினான்னு எனக்கும் சொல்லல" என்று அடுத்த வாரம் அவன் ஆயா சொன்னார்.

அந்த நாலு வரியை அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் எழுதியதில்லை.