பொழுதுபோக்குத் தட பைக் ஓட்டம்

பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் தம் சொந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகும் நிகழ்வு 'டிராக் டே' எனப்படும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் இதற்குப் பெயர்பெற்றது. அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன.

தடத்தில் இறங்குமுன் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டுவர். வண்டி விழுந்தால் கண்ணாடிச் சில்லுகள் சிதறிப் பின்னால் வருபவரையும் வீழ்த்தாதிருக்கவே இந்த ஏற்பாடு. முழுமுகத் தலைக்கவசமும் தோலுடையும் கட்டாயம். புதியவர் முதலில் கற்பது வேகமன்று. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தையும், வளைவில் பார்வையை முன்னே செலுத்துவதையுமே.

நெடுஞ்சாலையில் பந்தயம் விடும் இளைஞர் சறுக்கினால் எதிரே லாரி வரும். தடத்தில் எதிர்வண்டி இல்லை. வளைவுக்கு வெளியே சறுக்கி நிற்க இடமுண்டு, ஆம்புலன்சும் காத்திருக்கும். ஆயினும் எலும்பு முறியலாம். பந்தயத்தில் நேரும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு ஏற்பதில்லை என்பதைப் பலர் விழுந்த பிறகே அறிகின்றனர்.