கேஷும் காசும்

நம்முடைய ‘காசு’தான் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆனது என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. “கேஷா, கார்டா?” என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்கும் நம் காசுக்கும் உறவு கிடையாது. அது பெட்டியில் பிறந்த சொல். லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களை அதில் வைத்தார்கள். இத்தாலியிலும் பிரான்சிலும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது பணப்பெட்டியையும் குறித்தது, உள்ளே இருந்த பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. மருந்துக்கடை கேப்சூலும் இதே குடும்பம்தான்; சின்னப் பெட்டி என்பதே அதன் பொருள்.

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷும் உண்டு. எழுத்தும் ஒலியும் அதேதான், பிறப்பு வேறு. நம் காசைப் போர்த்துக்கீசியர் ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர் என்பதால், கேள்விப்பட்ட அயல்சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துக்கொண்டார்கள். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், தென்னிந்தியச் செப்புக் காசையும், நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோக்கும் சீன நாணயத்தையும் கேஷ் என்றே அழைத்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலில் சென்னைக்காக அடித்த செப்புக் காசுகள் டன் கணக்கில் இருந்தன. பின்னாளில் மேலே எடுத்த அந்த 1808ஆம் வருடக் காசின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணோடு ‘கேஷ்’ என்ற சொல். நம் காசு ஆங்கிலத்தில் இருந்ததற்கு இதைவிடக் கெட்டியான சாட்சி வேண்டுமா?

ரோமானியரோடு தமிழர் பழங்காலத்திலேயே வணிகம் செய்தார்களே, காப்சாவே காசிலிருந்து போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சொல் கடல் கடந்தால் பொருளும் கூடவே போகவேண்டும். லத்தீன் காப்சா நாணயத்தைக் குறிக்கவில்லை. கொள்ளுதல், பிடித்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்து பெட்டியாகவே வாழ்ந்தது. ஒலி ஒத்துப்போவது விசாரணையைத் தொடங்கப் போதும், தீர்ப்பு எழுதப் போதாது.

பெருமைக்காகச் சொல்வதில் என்ன நஷ்டம் என்பார்கள். நஷ்டம் உண்டு. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை என்று அகராதிகளே ஏற்கின்றன. ஆதாரமில்லாத ஒன்றை அவற்றோடு சேர்த்தால், கேட்பவர் உண்மையானதையும் சந்தேகிப்பார். நம் மாணவர்களுக்குச் சரியானதையே சொல்லிக்கொடுப்போம்: ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இந்த இரண்டு கேஷுக்கும் தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன, நாணயத்துக்கு உரிய பதிவில் தமிழின் பெயர் இருக்கிறது.