பம்ப்பை மாற்றும் முன்... பவர் ஸ்டீயரிங் கனத்தால் என்ன செய்யலாம்?

“எங்களிடம் பவர் ஸ்டீயரிங் உள்ள மினி டிராக்டர் இருக்கிறது. சில வாரங்களாகத் திருப்புவதற்குக் கனமாக இருக்கிறது. பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?”
– வாசகர், பாவூர்சத்திரம்

பாவூர்சத்திரம், கீழப்பாவூர் வட்டாரத்தில் காய்கறி வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் மினி டிராக்டர்தான் தோது. வரப்போரத்திலும் கிணற்றோரத்திலும் நெருக்கித் திருப்ப வேண்டியிருப்பதால், கனத்துப்போன ஸ்டீயரிங்கோடு வேலை செய்வது ஆபத்து. ஆனால், கனத்தாலே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. நீங்கள் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள வால்வு அதை முன் அச்சில் இருக்கும் சிலிண்டருக்குத் திருப்பிவிடுகிறது. சிலிண்டர் சக்கரத்தைத் தள்ளுகிறது. இதில் எங்கே தடை, எங்கே கசிவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

1. முன் டயரில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால், காய்ந்த தரையிலும் ரோட்டிலும் அந்த லிவரை விடுவித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

2. சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். நுரை இருந்தால் காற்று புகுகிறது; ஆயில் பம்ப்புக்கு வரும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கலாம். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் புகுந்த வழியை அடைத்துவிட்டு, ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.

3. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கனமாகவும், வேகம் கூட்டினால் லேசாகவும் இருந்தால், பம்ப்பிலிருந்து வரும் ஆயில் போதவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். பல வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில்தான். லிஃப்ட்டும் மந்தமாகத் தூக்கினால் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். முதலில் அதை மாற்றுங்கள்.

ஜாக்கி சோதனை

கருவியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான முட்டு வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டிக்கு அடியிலும் சக்கரத்துக்குப் பக்கத்திலும் யாரும் இருக்கக் கூடாது.

தூக்கிய நிலையிலும் கனமாக இருந்தால், பெரும்பாலும் கிங் பின்னோ, டை ராடு மூட்டுகளோ இறுகியிருக்கும். தொழி உழவில் சேறு புகுந்து கிரீஸ் வற்றிய வண்டிகளில் இது சகஜம். நிப்பிளில் புது கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

தூக்கினால் லேசாகவும், இறக்கினால் கனமாகவும் இருந்தால் ஆயில் அழுத்தம் போதவில்லை. பம்ப், ரிலீஃப் வால்வு, சிலிண்டர் சீல் மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். மெக்கானிக்கை அழைத்து, பிரஷர் கேஜ் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கேஜில் பார்க்காமல் பம்ப்பைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கவனம்

ஹோஸில் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் ஆயில் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டிப் பாருங்கள். தோலுக்குள் ஆயில் ஏறிவிட்டால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, அழுத்திப் பிடித்தபடி ஓட்டாதீர்கள்; ஆயில் சூடேறி சீல்கள் சீக்கிரம் தேயும். கார், பிசானம் இரண்டு பருவத்திலும் தொழி உழவு முடிந்ததும் முன் அச்சைக் கழுவி கிரீஸ் அடித்து வைத்தால், இந்தத் தொல்லையில் பாதி வராது.